தொண்ணூற்றெட்டுப் பேரும் சம்மதம்

காலை ஒன்பது மணி, தொண்ணூற்றெட்டுப் பேர், சங்கரவடிவு. முதல்ல இந்த மூணையும் எழுதிக்கோங்க தம்பி. மீதியை நான் சொல்லச் சொல்ல எழுதலாம். ரெக்கார்டர் கொண்டுவந்திருக்கீங்களா? வைங்க, வைங்க. எனக்கு ஒளிவு மறைவு ஒண்ணும் கிடையாது. மைக் பிடிச்சே முப்பது வருஷம் ஓட்டினவன்.

காபி வருது. உங்களுக்குச் சர்க்கரை போடலாம்ல? எனக்குத்தான் ஆகாது.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு போன்லயே சொன்னீங்க. கொரோனா ரெண்டாவது அலையில டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க எத்தனை பேர் தானா முன்வந்தாங்க, வந்தவங்க ஏன் வந்தாங்க, வராதவங்க ஏன் வரல. நல்ல ஆராய்ச்சி. இதுவரைக்கும் எத்தனை காலேஜ் பார்த்தீங்க? ஆறா? ஆறுலயும் பாதிகூடத் தேறியிருக்காதே. நினைச்சேன். பக்கத்து மாவட்டத்துல ஒரு காலேஜ், பேர் வேண்டாம். அங்க பிரின்சிபால் மேடையேறி, "யாருக்கெல்லாம் விருப்பம், கை தூக்குங்க"ன்னு கேட்டிருக்கார். இருபத்திமூணு கை. மனுஷன் எனக்குப் போன் போட்டு அழாத குறை. நான் சொன்னேன், "உங்க பிள்ளைங்க மேல தப்பில்ல சார். உங்களுக்குக் கேட்கத் தெரியல."

கேட்கத் தெரியணும் தம்பி. நம்ம பிள்ளைங்களுக்குக் கூச்சம். பாடத்துல சந்தேகம் இருக்கான்னு கேட்டாலே ஒருத்தனும் கை தூக்க மாட்டான். நல்லது செய்யறதுக்கும் கூச்சம்தான். பக்கத்துல இருக்கிறவன் என்ன நினைப்பானோன்னு இருக்கும். அந்தக் கூச்சத்துல அவங்க நல்ல மனசு உள்ளேயே தங்கிரக் கூடாதுன்னுதான் நான் திருப்பிக் கேட்டேன். விருப்பம் இல்லாதவங்க எழுந்து நில்லுங்க. அவ்வளவுதான் வித்தியாசம். அங்க இருபத்திமூணு. எங்ககிட்ட தொண்ணூத்தெட்டுக்குத் தொண்ணூத்தெட்டு. கட்டாயம்ங்கிற பேச்சே கிடையாது. இதைக் கோடு போட்டுக்கோங்க.

2021 மே 11, செவ்வாய்க்கிழமை. நான் அப்ப வைஸ் பிரின்சிபால். மருந்தியல் புரொபசர், ஆனாலும் நிர்வாகம் பூரா என் தலையில. அந்த மே மாசம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை. படுக்கை காலியாகிற வரைக்கும் ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஆக்சிஜன் ஏத்தினாங்க. பாதி நர்ஸுக்குக் காய்ச்சல். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து டீனுக்குப் போன் மேல போன், கடைசி வருஷப் பிள்ளைங்களை எப்ப இறக்குறீங்கன்னு. டீன் என்னைக் கேட்டார். "தொண்ணூத்தெட்டுப் பேரும் வருவாங்க சார்"னு முதல் நாளே சொல்லிட்டேன். பிள்ளைங்களைக் கேட்கலதான். இருந்தாலும் அவங்க மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலையில லெக்சர் ஹால்ல பெஞ்சுக்கு ரெண்டு பேரா உட்கார வச்சோம். முன் வரிசையில மெடிசின், சர்ஜரி, குழந்தைகள் பிரிவு, மூணு துறைத் தலைவர்களும். அவங்க இருந்தாப் பிள்ளைங்களுக்குத் தைரியமா இருக்கும்னு நான்தான் வரச் சொன்னேன். மெடிசின் புரொபசர் நம்பிராஜன் இன்டர்னல் மார்க் ஷீட்டைக் கையோட கொண்டுவந்திருந்தார். வேற ஒண்ணுமில்ல, சும்மா இருக்கிற நேரத்துல போட்டு முடிச்சிரலாம்னு.

மைக்கைப் பிடிச்சேன். "இது கட்டாயம் இல்ல. யாரையும் காரணம் கேட்க மாட்டேன். வார்டுக்கு வர விருப்பம் இல்லாதவங்க மட்டும் எழுந்து நில்லுங்க."

நான் அவசரப்படுத்தல. நல்லா டைம் குடுத்தேன். ஒருத்தரும் அசையல. இந்தக் காலத்துப் பிள்ளைங்களைக் குறை சொல்றவங்க அன்னிக்கு அங்க வந்து பார்த்திருக்கணும். நன்றி சொல்லலாம்னு வாயெடுக்கிறேன், நடு வரிசையில பெஞ்ச் கிரீச்சுன்னுது.

எழுந்து நின்னது சங்கரவடிவு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பிள்ளை. இந்தக் காலத்துல யாரு இப்படிப் பேர் வைக்கிறாங்க? ரெண்டாம் வருஷம் நான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே, "என்னம்மா, உங்க பாட்டி அட்டெண்டன்ஸையும் நீதான் போடுறியா"ன்னு கேலி பண்ணியிருக்கேன். ஹாஸ்டல் இல்ல, வீட்டுல இருந்து பஸ்ல வந்து போகும். நல்லாப் படிக்கும். வம்பு தும்புக்குப் போகாது.

"என்னம்மா?"

"எனக்கு விருப்பம் இல்ல சார்."

"ஏன்மா?"

"காரணம் கேட்க மாட்டேன்னு சொன்னீங்க சார்."

பின்னால ரெண்டு பேர் களுக்குனு சிரிச்சாங்க. நீங்களும் சிரிக்கிறீங்க. நான் கேட்டது காரணம் இல்ல தம்பி, அக்கறை. ரெண்டும் வேற.

"போன் டியூட்டின்னா பார்க்குறேன் சார்"னுச்சு. "வீட்டுல இருக்கிற பேஷண்டுங்களுக்குப் போன் பண்ணணும்னு சொன்னாங்களே, அது."

"அதை அப்புறம் பார்ப்போம். இப்ப நான் கேட்கிறது வார்டு. வருவியா, மாட்டியா?"

"மாட்டேன் சார்."

நம்பிராஜன் மார்க் ஷீட்ல இருந்து தலையைத் தூக்கி, "உன் ரோல் நம்பர் என்னம்மா?"ன்னார். அவ்வளவுதான் கேட்டார். குறிச்சுக்கக்கூட இல்ல.

நானும் அதைப் பெருசு பண்ணல. "நல்லதும்மா, உட்காரு. உன்னோட பங்கை உன் பேட்ச் பிள்ளைங்க பிரிச்சுப் பார்த்துக்குவாங்க"ன்னு மைக்கிலேயே சொல்லி முடிச்சிட்டேன். நடைமுறை அதுதானே? ஒருத்தர் வரலைன்னா அவங்க வேலையை மத்தவங்கதான் பார்த்தாகணும். அன்னிக்கு மத்தியானத்துல இருந்து அவளோட யாரும் பேசலன்னு பிற்பாடு கேள்விப்பட்டேன். பிள்ளைங்களா முடிவு பண்ணிக்கிட்டது. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

இப்ப என் கஷ்டத்தைக் கேளுங்க. டீன்கிட்ட தொண்ணூத்தெட்டுன்னு சொல்லியாச்சு. டீன் கலெக்டர்கிட்ட சொல்லியாச்சு. கலெக்டர் காலையிலேயே பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிட்டார். ஒரே ஒரு ஆள் இடிக்குது. நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மிரட்டல. ஒரு வார்த்தை பேசல. அவ அப்பாவுக்குத்தான் போன் போட்டேன்.

உலகநாதன்னு பேரு. மார்க்கெட் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை. வேலையை அப்படியே போட்டுட்டு வந்திருந்தார், கையெல்லாம் வார்னிஷ். உட்காருங்கன்னா உட்கார மாட்டேன்னார். கதவைச் சாத்தலாமான்னு கேட்டார். நான் எழுந்து சாத்தினேன். அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"சார், என் வீட்டுக்காரி செண்பகத்துக்குக் கிட்னி மாத்துனது உங்களுக்குத் தெரியாது. வடிவு காலேஜ் சேருறதுக்கு முந்தி. ஊர்ல, சொந்தத்துல எல்லாம், மூளைச்சாவு ஆன ஒரு பையனோடது கெடச்சுதுன்னு சொல்லி வச்சிருக்கோம்."

"சரி."

"அது வடிவோடது சார்."

நான் எழுந்து நின்னுட்டேன் தம்பி.

அந்த மனுஷன் சொன்னதை அப்படியே சொல்றேன். இவருக்குச் சர்க்கரை, அதனால இவரோடதை எடுக்க முடியாதுன்னுட்டாங்க. பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருக்கு, டெஸ்ட் பண்ணினதுல பொருந்திருச்சு. அந்த அம்மா ஒத்துக்கல. "பிள்ளை வயித்தைக் கீறி எடுத்துத்தான் நான் உசிரோட இருக்கணுமா, நாளைக்கு ஊரு என்னைய என்ன சொல்லும்"னு மாசக்கணக்கா டயாலிசிஸ்லயே கிடந்திருக்காங்க. கடைசியில வடிவு அம்மா தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கா. ஒருத்தருக்கும் தெரியாதும்மா, உன்னைய யாரும் ஒரு சொல் சொல்ல முடியாதுன்னு. அதுக்கப்புறம்தான் ஆபரேஷனுக்குச் சம்மதிச்சாங்களாம். பிள்ளை நீட் கோச்சிங்குக்கு மெட்ராஸ் போயிருக்கான்னு ஊர்ல சொல்லிட்டு, அங்க ஆஸ்பத்திரியில வச்சு எடுத்திருக்காங்க.

"அந்தச் சத்தியத்துலதான் சார் அந்தக் கிட்னியே ஓடுது"ன்னார். மோட்டார்க்காரர் இல்லையா, அவர் பேச்சு அப்படி.

"செண்பகத்துக்கு உடம்புல எதிர்ப்புச் சக்தியே கெடையாது சார். காலையிலயும் சாயந்திரமும் மாத்திரைய வடிவுதான் குடுக்கும். பிள்ளை வார்டுக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்துச்சுன்னா…" அதுக்கு மேல சொல்லல. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்ல. மாற்று உறுப்புக்குக் குடுக்கிற மாத்திரையைப் பத்தி இருபத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தவன் நான்.

"இதை உங்க பொண்ணு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"மைக்குலயா சார்?"

நியாயமான கேள்விதான். நான் கோவிச்சுக்கல. என் நெஞ்சு ஒண்ணும் கல்லு இல்ல தம்பி. அந்த இடத்துலயே முடிவு பண்ணிட்டேன். வார்டு வேண்டாம், போன் டெஸ்க் போதும். அதுவும் தன்னார்வம்தான், கணக்குல வந்திரும். தொண்ணூத்தெட்டும் ஆச்சு, அந்தக் குடும்பத்துக்கும் கஷ்டம் இல்ல. உலகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். "இது உங்களோட இருக்கட்டும் சார். வெளிய தெரிஞ்சா செண்பகம் தாங்க மாட்டா"ன்னார். "என்னைத் தாண்டிப் போகாது"ன்னேன்.

போகவும் இல்ல. மே போச்சு, ஜூன் போச்சு, ஜூலை போச்சு. என் வீட்டுக்காரி ராஜத்துக்கிட்டகூட மூச்சு விடல. கேட்டுப் பாருங்க. ராஜம், நான் சொன்னேனா? … இந்தப் பேச்சு எடுத்தாலே அடுப்படிக்குப் போயிருவா.

என்ன கேட்டீங்க? நானா? நான் எப்படித் தம்பி வார்டுக்குப் போறது? ஐம்பத்தொன்பது வயசு, சுகர், பிரஷர். டீனே, "நீங்க வார்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது"ன்னுட்டார். காரணம் யாரும் கேட்கல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நான் மேல ரூம்ல இருந்து டியூட்டி போட்டேன். அது லேசான வேலைன்னு நினைக்காதீங்க.

போன் டெஸ்க் எங்க புதுக் கட்டடத்துல, லைப்ரரி ஓரமா. நான் அந்த வழியாப் போகும்போதெல்லாம் நின்னு கேட்பேன். வடிவு குரல்தான் எப்பவும் கேட்கும்.

"ஐயா, மிஷினை விரல்ல மாட்டுனீங்களா? என்ன நம்பர் காட்டுது? … எழுபத்திரெண்டா? பதறாதீங்க, அது உங்க நாடித் துடிப்புங்கய்யா. மேல ஒரு நம்பர் இருக்கும், அதைச் சொல்லுங்க. … மிஷினைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களா? அப்போ கீழ இருக்கிறதைச் சொல்லுங்க. … தொண்ணூத்தாறு. ராஜா மாதிரி இருக்கீங்க. … இல்லங்கய்யா, பிரியாணி வேண்டாம். … கேட்கிறது உங்க இஷ்டம், வேண்டாம்னு சொல்றது என் வேலை."

ஒரு நாள் ஒரு ஆளு தொண்ணூத்தேழு, தொண்ணூத்தேழுன்னே சொல்லிட்டு இருந்திருக்கார். இவ விடல. "அண்ணாச்சி, ஒரே மூச்சுல ஒண்ணுல இருந்து முப்பது வரைக்கும் எண்ணுங்க"ன்னா. எட்டுக்கு மேல அவரால போக முடியல. வீட்டுலயே இருந்திரலாம்னு பொய் நம்பர் சொல்லியிருக்கார். இவ அந்தப் பக்கத்துல அவர் சம்சாரத்தைக் கூப்பிடச் சொல்லி, ஆம்புலன்ஸ் அனுப்பி, அது தெருவுக்குள்ள திரும்புற வரைக்கும் லைன்லயே இருந்தா. அந்த ஆள் பிழைச்சு வந்து ஒரு தார் வாழைப்பழம் குடுத்துட்டுப் போனார். என்கிட்டத்தான் குடுத்தார். நான் டெஸ்குக்கு அனுப்பி வச்சேன்.

காலையில முதல் ஆளா வருவா. சாயந்திரம் ஆச்சுன்னா மட்டும் ஒரு நிமிஷம் இருக்க மாட்டா, பையை எடுத்துட்டுக் கிளம்பிருவா. அது மத்தவங்களுக்குக் கண்ணை உறுத்துச்சு. வார்டுல இருந்த பிள்ளைங்க பட்ட பாடு அப்படி. அந்தப் பாதுகாப்பு உடுப்புக்குள்ள வேர்த்து ஊத்தி, தண்ணி குடிக்க முடியாம, பாத்ரூம் போக முடியாம, கண்ணு முன்னால ஆட்கள் போறதைப் பார்த்துட்டு. அவ பேட்ச்ல மரிய அந்தோணின்னு ஒரு பையன், உவரிப் பக்கம். வடிவோட பங்கையும் சேர்த்துப் பார்த்தது பெரும்பாலும் அவன்தான். அவனுக்கும் வந்து, படுத்து, எழுந்து, திரும்ப வார்டுக்கே போனான். அவன்தான் இவளுக்குப் பேர் வச்சது. "போன் டாக்டர்." கேண்டீன்ல இவ வந்தா, "ஹலோ ஹலோ, சிக்னல் இல்ல"ம்பானுங்களாம். இவ ஒரு வார்த்தை பதில் பேசினதில்ல.

அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. அந்த அலை பூராவும் தாண்டி வந்துட்டாங்க. ஆகஸ்ட் முதல் வாரம் உலகநாதன் எனக்குப் போன் பண்ணி, "உங்க புண்ணியம் சார்"னார். இதையும் எழுதிக்கோங்க. நான் செஞ்சது தப்பா இருந்தா அந்த மனுஷன் அப்படிச் சொல்லுவாரா?

சரி. பாராட்டு விழாவுக்கு வரேன்.

ஆகஸ்ட் பதினஞ்சு, கொடியேத்தி முடிச்ச கையோட வச்சோம். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பெரியவங்க வந்திருந்தாங்க. பெத்தவங்களையும் கூப்பிட்டிருந்தோம். கூட்டத்துக்கு வர முடியாதவங்க வீட்டுல இருந்தே பார்க்கட்டும்னு யூடியூப்ல நேரலை, லோக்கல் கேபிள்லயும் போட்டாங்க. எல்லாம் என் ஏற்பாடு. நானே மைக்ல ஒவ்வொரு பேரா வாசிச்சேன். ஒவ்வொருத்தருக்கும் கைதட்டல். மரிய அந்தோணிக்கு விசில். நம்பிராஜன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

"சங்கரவடிவு"ன்னேன்.

கைதட்டல் குறைஞ்சுது. பின்னால இருந்து ஒரு குரல், "ட்ரிங் ட்ரிங்." உடனே பத்து இருபது பேர் சிரிச்சாங்க. அவ மேடைக்கு வந்துட்டு இருக்கா, படியில கால் வைக்கிறா, இவனுங்க சிரிக்கிறானுங்க. இன்னொருத்தன், "ராங் நம்பர்"ங்கறான். முன்னால உட்கார்ந்திருந்த பெரியவங்களும் என்னன்னு தெரியாம லேசாச் சிரிக்கிறாங்க.

அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியல தம்பி. சத்தியமாச் சொல்றேன். நீங்க அந்த இடத்துல இருந்திருந்தா உங்களாலயும் தாங்க முடியாது. என்ன தியாகம் பண்ணின பிள்ளை, யார் முன்னால கூனிக் குறுகி நிக்குது? அவளுக்கு ஷீல்டைக் குடுத்து, கீழ அனுப்பாம, தோளைப் பிடிச்சு நிறுத்தினேன். "சிரிக்காதீங்க"ன்னேன். "இந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

சொன்னேன். நல்லா, நிறுத்தி, எல்லாருக்கும் விளங்குற மாதிரி சொன்னேன். பெத்த தாய்க்குத் தன் சிறுநீரகத்தைக் குடுத்த மகள். ஊருக்கே தெரியாம மறைச்சு வச்ச தியாகம். அந்தத் தாயைக் காப்பாத்திக்கிட்டே, இந்த ஊரையும் போன் வழியாக் காப்பாத்தினவள்.

பேச வருமான்னு கேட்டா, எனக்கு வரும். அன்னிக்கு இன்னும் நல்லா வந்துச்சு.

முதல்ல நம்பிராஜன் எழுந்தார். பெரியவங்க எழுந்தாங்க. ஹால் பூரா எழுந்து நின்னு கைதட்டுச்சு. அவ்வளவு நேரம் கைதட்டி நான் பார்த்ததில்ல. அஞ்சாவது வரிசையில உலகநாதன் முகத்தைத் துண்டால மூடிக்கிட்டார். ஆனந்தக் கண்ணீர். எந்தத் தகப்பனுக்குத்தான் வராது?

வடிவு என் பக்கம் திரும்பினா. முகத்துல ஒண்ணுமே இல்ல. கைதட்டல்ல சரியாக் கேட்கல, குனிஞ்சு கேட்டேன்.

"சார், அம்மா பார்த்துட்டு இருக்காங்க."

"பார்க்கட்டும்மா. பெருமைப்படட்டும்"னேன்.

அவ ஷீல்டை மேடை மேஜையில வச்சிட்டு இறங்கிப் போயிட்டா. கூச்சம். நான்தான் சொன்னேனே, நம்ம பிள்ளைங்களுக்குக் கூச்சம்.

கார்ல வரும்போது ராஜம் கேட்டா, "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவர் உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னார்."

"பின்ன?"

"அது கெட்ட விஷயத்துக்குடி. இது நல்ல விஷயம். நல்ல விஷயத்தை எதுக்கு மறைக்கணும்?"

ராஜம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவளுக்கு மேடை, பேச்சு இதெல்லாம் எப்பவுமே பிடிக்காது.

மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. உள்ளூர்ப் பதிப்புல முதல் பக்கம், அவ போட்டோவோட. மரிய அந்தோணி என் ரூமுக்கு வந்தான். பையன் கண்ணெல்லாம் சிவந்திருக்கு. "சார், நாங்க சிரிச்சது தப்புதான். அவ வீட்டுக்குப் போய்க் கால்ல விழக்கூடத் தயார். ஆனா நீங்க ஏன் சார் அதைச் சொன்னீங்க?"ன்னான்.

"நான் சொல்லலன்னா நீங்க திருந்தியிருப்பீங்களாடா?"

"நாங்க சிரிச்சா அது அவளோட முடிஞ்சு போயிருக்கும் சார்"னான். வணக்கம் வச்சிட்டுப் போயிட்டான். உடம்பு சரியில்லாம கிடந்து எழுந்த பையன், ஏதோ வருத்தத்துல பேசுறான்னு விட்டுட்டேன்.

அந்தப் பேப்பரை நான் பெருசாப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி போட்டு, அவங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பினேன். கொண்டுபோன பியூன் அதையே திருப்பிக் கொண்டுவந்தான். "வாசல்லயே வேண்டாம்னுட்டாங்க சார்." என் கையால பார்த்துப் பார்த்துச் செஞ்சது. அந்தப் பரணுக்குக் கீழ சுவத்துல சாத்தி வச்சிருக்கேன் பாருங்க, அதுதான். மனசுக்கு வருத்தமா இருக்காதா, நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் ஹவுஸ் சர்ஜன் முடிச்சுப் போற வரைக்கும், காரிடார்ல எதிர்ல வந்தாலும் அவ எனக்கு ஒரு குட்மார்னிங் சொன்னதில்ல. மத்த தொண்ணூத்தேழு பேரும் சொன்னாங்க.

அவளைப் பார்த்துப் பேசணுமா? பேசலாமே. நம்பர் தரேன். என் பேரைச் சொல்லுங்க, பேசுவா. … வேண்டாம், என் பேரைச் சொல்லாமலே பேசிப் பாருங்க.

அந்த அம்மாவா? ஆமா, அதையும் கேட்பீங்கன்னு தெரியும்.

விழா முடிஞ்ச வாரத்துல உலகநாதனோட அக்கா வந்திருக்காங்க. கூட நாலு பொம்பளைங்க. வாசல்ல நின்னே, "பெத்த பிள்ளை உடம்பை வாங்கித் தின்னுட்டு எப்படித்தான் சோறு இறங்குது உனக்கு, இனி அவளை எவன் கட்டுவான்"னு கேட்டுட்டுப் போனாங்களாம். தெருவே கேட்டிருக்கு. ராஜத்துக்குக் கோயில்ல யாரோ சொல்லி, அவ எனக்குச் சொன்னா. ஊர்னா நாலும் பேசத்தான் செய்யும் தம்பி. படிக்காத ஜனங்க. அதுக்கு நம்ம என்ன பண்ண முடியும்? அந்த அம்மா அதுக்கப்புறம் வாசலுக்கே வரலையாம். கடைக்குப் போகல, கோயிலுக்குப் போகல. மகள் மூஞ்சியை நேராப் பார்க்கிறதில்லையாம். மத்தபடி நல்லாத்தான் இருந்தாங்க.

பிப்ரவரியில கால் வீங்கி எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாங்க. கிட்னி டாக்டர் எனக்குத் தெரிஞ்சவர், லிஃப்டுல பார்த்தப்ப சொன்னார். ரத்தத்துல அந்த மாத்திரையோட அளவு எடுத்துப் பார்த்திருக்காங்க. சுத்தமா இல்ல. வடிவு ரெண்டு வேளையும் கையில குடுத்துத்தான் இருக்கா. அவங்க வாங்கி வாயில போட்டு, தண்ணியும் குடிச்சு, அவ அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்காங்க. எத்தனை மாசமோ. கேட்டதுக்கு, "அவளோடது அவளுக்கே போகட்டும்"னு சொன்னாங்களாம். அந்த மாத்திரையைப் பத்தி எனக்குத் தெரியும். ஒரு வேளை மறக்கலாம். இப்படி மாசக்கணக்கில விட்டா, வச்ச கிட்னியை உடம்பே ஒதுக்கிரும். இதை அவங்களுக்கு யாராவது பொறுமையா உட்கார வச்சு எடுத்துச் சொல்லியிருக்கணும். ஏன் நிறுத்தினாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் பிடிபடல.

காபி ஆறிருச்சு பாருங்க. குடிங்க. தேதி வேணும்ல உங்களுக்கு? எழுதிக்கோங்க. 2022 மார்ச் 3, வியாழக்கிழமை. எங்க ஆஸ்பத்திரியில அந்த அம்மாவுக்கு மறுபடியும் டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க.